வேவ்லெட் பெயரை மாற்றிப் பயனில்லை: பல படங்களை ஒன்றாக்கும்போது எங்கே சறுக்குகிறது

டிபி4, சிம்8, காய்ஃப்ளெட் என்று வேவ்லெட் பெயரை மாற்றி மாற்றிப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள் தம்பி. வேவ்லெட் என்பது ஒரு படத்தைப் பெரிய விவரம், சிறிய விவரம் என்று அளவு வாரியாகப் பிரிக்கும் கணக்கு, டிபி4 போன்ற பெயர்கள் அதன் வகைகள். கேள்வியைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பினாங்கில் பொலிதெக்னிக் இறுதியாண்டு. புராஜெக்டுக்காக ஒரு சர்க்கியூட் போர்டை யூஎஸ்பி மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி ஐந்து படம் எடுத்திருக்கிறீர்கள். ஒன்றில் போர்டின் தரை தெளிவு, இன்னொன்றில் சோல்டர், கடைசிப் படத்தில் கப்பாசிட்டரின் தலை. ஐந்தையும் சராசரி எடுத்தால் எல்லாமே மங்கல். டிபி4 வைத்து மூன்று நிலை பிரித்து, ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணை எடுத்துச் சேர்த்தால், கப்பாசிட்டரைச் சுற்றி நிழல் வளையமும் பச்சைத் தரையில் மினுமினுக்கும் புள்ளிகளும் வருகின்றன. எந்த வேவ்லெட் போட்டால் சரியாகும் என்பது கேள்வி. கூடவே, வெப்பக் கேமரா படத்தையும் இதே வழியில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் பினாங்கின் பாயான் லெப்பாஸில் கேமரா வைத்து போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவன், இந்த வளையமும் புள்ளியும் எனக்குத் தினசரிப் பழக்கம். அவை வேவ்லெட்டின் பெயரால் வருவதில்லை. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாததாலும், எந்த எண்ணை எடுப்பது என்ற விதி அவசரமாக எழுதப்பட்டதாலும் வருகின்றன. இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் மிக எளிய வகையான ஹார் வேவ்லெட்டில்கூட ஓரளவு நல்ல படம் கிடைக்கும். சரிசெய்யாமல் விட்டால் உலகத்தில் உள்ள எந்த வேவ்லெட்டும் காப்பாற்றாது.

சராசரி ஏன் மங்குகிறது, வேவ்லெட் ஏன் மங்காது என்பதை இரண்டே பிக்சலில் பார்த்துவிடலாம். தெளிவான படத்தில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் 90, 150. அதே இடம் மங்கலான படத்தில் 115, 125. சராசரி எடுத்தால் 102.5, 137.5. அறுபது வித்தியாசம் முப்பத்தைந்தாகச் சுருங்கிப் போனது, விளிம்பு தேய்ந்தது. இப்போது ஹார் முறைப்படி ஒவ்வொரு ஜோடியையும் நடுமதிப்பு, பாதி வித்தியாசம் என்று இரண்டு எண்ணாக எழுதுங்கள். முதல் படத்துக்கு 120, −30. இரண்டாவதற்கு 120, −5. நடுமதிப்பு இரண்டிலும் ஒன்றே, ஏனென்றால் மங்கல் என்பது மொத்த வெளிச்சத்தைக் கெடுப்பதில்லை, வித்தியாசத்தைத்தான் தின்கிறது. ஆகவே நடுமதிப்பைச் சராசரி எடுங்கள், வித்தியாசத்தில் குறியைப் பார்க்காமல் அளவில் பெரியதை எடுங்கள்: 120, −30. திருப்பிக் கட்டினால் 90, 150. தெளிவான படம் அப்படியே திரும்பி வந்துவிட்டது, எது தெளிவான படம் என்று நாம் யாருக்கும் சொல்லாமலேயே. மொத்த முறையின் உயிரும் இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது, மீதியெல்லாம் இதை முழுப் படத்துக்கும் பல அளவுகளுக்கும் விரிப்பதுதான்.

முழுப் படத்தில் இதைக் குறுக்காகவும் நெடுக்காகவும் செய்வதால் ஒரு நிலைக்கு நான்கு துண்டு கிடைக்கும். ஒன்று சுருங்கிய படம், மற்ற மூன்றும் கிடைமட்ட, செங்குத்து, மூலைவிட்ட விவரங்கள். சுருங்கிய படத்தையே மறுபடி பிரித்தால் அடுத்த நிலை. ஒவ்வொரு நிலையிலும் முந்தையதைவிட இரண்டு மடங்கு பெரிய விவரங்கள் பிடிபடும்.

இந்த யோசனையின் வேர் வேவ்லெட்டுக்கும் முந்தையது. பர்ட், ஏடல்சன் இருவரும் 1983-இல் வெளியிட்ட லாப்ளேசியன் பிரமிடு இதே போலப் படத்தை அளவு வாரியாகப் பிரித்தது. பிறகு டொபெஷி 1988-இலும் மல்லா 1989-இலும் வேவ்லெட்டை நடைமுறைக்கு ஏற்ற கருவியாக்கினார்கள். 1995-இல் லீ, மஞ்சுநாத், மித்ரா மூவரும் எழுதிய கட்டுரை வேவ்லெட் ஃபியூஷனுக்கு, அதாவது வேவ்லெட் வழியில் படங்களை ஒன்றாக்குவதற்கு, இன்றும் எல்லாரும் காட்டும் தொடக்கம். அதில் இருந்த ஒரு முக்கியமான படியை உங்கள் நிரல் விட்டுவிட்டது, கீழே வருகிறேன்.

முதலில் பொருத்தம். ஃபோகஸ் மாறும்போது லென்ஸ் நகர்கிறது, லென்ஸ் நகர்ந்தால் படத்தின் அளவே கொஞ்சம் மாறும். நடுவில் எல்லாம் சரியாகத் தெரியும், ஓரத்துக்குப் போகப் போகப் பத்துப் பதினைந்து பிக்சல்கூட விலகியிருக்கும். மலிவான மைக்ராஸ்கோப்பின் ஸ்டாண்டில் திருகைத் தொட்டாலே பக்கவாட்டில் ஆடவும் செய்யும். தொழிற்சாலையில் இதைத் தவிர்க்க டெலிசென்ட்ரிக் லென்ஸ் போடுவார்கள், உயரம் மாறினாலும் அளவு மாறாது, ஆனால் அதன் விலை ஒரு மாணவர் கொடுக்கக்கூடியதில்லை. உங்களுக்கு மென்பொருள்தான் வழி. ஓப்பன்சிவி என்ற இலவச நிரல் நூலகத்தில் ஈசிசி முறையில், அதாவது இரண்டு படத்தின் வெளிச்ச ஒற்றுமையை வைத்து, பொருத்தும் செயல்பாடு இருக்கிறது, அதில் வெறும் நகர்வை மட்டும் கேட்காமல் அஃபைன் மாதிரியைக் கேளுங்கள், அப்போதுதான் அளவு மாற்றமும் பிடிபடும். ஐந்து படத்தையும் முதல் படத்தோடு நேரடியாகப் பொருத்தப் பார்க்காதீர்கள். முதலாவதற்கும் ஐந்தாவதற்கும் பொதுவாகத் தெளிவாக இருக்கும் பகுதியே கிடையாது, கணக்கு எங்காவது போய் நிற்கும். ஒன்றை இரண்டோடு, இரண்டை மூன்றோடு என்று அண்டைப் படங்களைப் பொருத்தி, கிடைக்கும் அணிகளை (மேட்ரிக்ஸ்) பெருக்கிக்கொண்டே போங்கள். எல்லாம் பெருக்கி முடிந்தபின் மூலப் படத்தை ஒரே ஒரு முறை மட்டும் வளையுங்கள், ஒவ்வொரு முறை வளைக்கும்போதும் இடைமதிப்புக் கணக்கு கொஞ்சம் கூர்மையைத் தின்றுவிடும். அப்புறம், எடுக்கும்போதே எக்ஸ்போஷரையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தை மாற்றும், நடுமதிப்பு எல்லாப் படத்திலும் ஒன்றே என்ற மேற்சொன்ன அடிப்படையே உடைந்துவிடும்.

பொருத்திவிட்டேன், ஆனாலும் வளையம் வருகிறதே என்பீர்கள். வரும், ஏனென்றால் நீங்கள் பயன்படுத்தியது ஒவ்வொரு நிலையிலும் ஒன்றுவிட்டு ஒரு பிக்சலைக் கழிக்கும் சாதாரண வேவ்லெட் பிரிப்பு. இதன் கோளாறை நான்கு பிக்சலில் காட்டுகிறேன். 100, 100, 200, 200 என்று ஒரு விளிம்பு. ஹார் இதை (100, 100), (200, 200) என்று ஜோடி சேர்க்கும், இரண்டிலும் வித்தியாசம் பூஜ்யம். நூறு அளவுக்கு விளிம்பு இருந்தும் முதல் நிலையில் ஒன்றுமே தெரியவில்லை. அதையே ஒரு பிக்சல் தள்ளி 100, 200, 200, 200 என்று வைத்தால் முதல் ஜோடியில் −50 வந்துவிடும். ஒரே விளிம்பு, ஒரு பிக்சல் நகர்வு, ஒருமுறை பூஜ்யம், மறுமுறை ஐம்பது. உங்கள் ஐந்து படங்களும் எவ்வளவு பொருத்தினாலும் அரைப் பிக்சல், கால் பிக்சல் விலகியேதான் இருக்கும். அப்படியானால் பெரிய எண்ணை எடுக்கும் விதி எந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்பது தெளிவை மட்டும் பொறுத்ததாக இல்லை, விளிம்பு இரட்டைப்படை இடத்தில் விழுந்ததா ஒற்றைப்படையிலா என்பதையும் பொறுத்ததாகிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்து எண்களை வெவ்வேறு படங்களிலிருந்து எடுத்துத் திருப்பிக் கட்டும்போது வளையமும் படிக்கட்டு விளிம்பும் வருவது இதனால்தான்.

மருந்து எளிது. பிக்சலைக் கழிக்காத பிரிப்பைப் பயன்படுத்துங்கள். பைத்தான் மொழியின் பைவேவ்லெட்ஸ் நூலகத்தில் எஸ்டபிள்யூடி2 என்று இருக்கிறது. இதில் எல்லாத் துண்டும் மூலப் படத்தின் முழு அளவிலேயே இருக்கும், படம் நகர்ந்தால் எண்களும் கூடவே நகரும், மாறாது. படத்தின் நீள அகலம் இரண்டின் அடுக்கால் வகுபட வேண்டும் என்று அது பிடிவாதம் பிடிக்கும். நான்கு நிலைக்குப் பதினாறு. 4000க்கு 3000 படமாக இருந்தால் 4000 வகுபடும், 3000 வகுபடாது, 3008 ஆக்க வேண்டும். அந்த எட்டு வரிசையையும் கறுப்பால் நிரப்பாமல் ஓரத்தைக் கண்ணாடி போலத் திருப்பி நிரப்புங்கள், வேலை முடிந்ததும் வெட்டிவிடலாம்.

இதற்கு விலை நினைவகம். அந்த அளவுப் படத்தில் ஒரு தளம் ஏறக்குறைய 12 மில்லியன் எண்கள், எண்ணுக்கு நான்கு பைட் என்றால் 48 எம்பி. நான்கு நிலை, நிலைக்கு மூன்று விவரத் துண்டு, கடைசியில் ஒரு சுருக்கம், மொத்தம் 13 தளம், ஒரு படத்துக்கே 600 எம்பியைத் தாண்டும். ஐந்து படத்தையும் ஒன்றாக ஏற்றினால் மடிக்கணினி திணறும். அவசியமே இல்லை. முதல் படத்தைப் பிரித்து அதன் எண்களை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவதைப் பிரித்து எங்கெல்லாம் அது வெல்கிறதோ அங்கெல்லாம் மாற்றி எழுதுங்கள், இரண்டாவதை அழித்துவிட்டு மூன்றாவதற்குப் போங்கள். ஐம்பது படம் இருந்தாலும் எந்த நேரத்திலும் நினைவில் இருப்பது இரண்டு படத்தின் எண்கள்தான். நினைவகம் இதற்கும் போதவில்லை என்றால் கிங்ஸ்பரியின் இரட்டைமரக் கலப்பெண் வேவ்லெட் இருக்கிறது. நான்கு மடங்கு இடம்தான் கேட்கும், நகர்வைப் பெரும்பாலும் தாங்கும், மூன்றுக்குப் பதிலாக ஆறு திசைகளைப் பிரித்துக் காட்டும். நுண்ணோக்கிப் படங்களுக்கு வேறொரு கலப்பெண் வேவ்லெட் வழியில் 2004-இல் சுவிட்சர்லாந்தின் ஈபிஎஃப்எல் பல்கலைக்கழகக் குழு செய்த வேலை அருமையானது, இமேஜ்ஜே என்ற படச் செயலிக்கு அவர்கள் எழுதிய செருகுநிரலை இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் விடையை ஒப்பிட ஒரு அளவுகோலாகவாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விதி. பச்சைத் தரையில் மினுமினுக்கும் புள்ளிகள் இங்கேயிருந்து வருகின்றன. வெற்றுப் பச்சைப் பரப்பில் விவரமே இல்லை, இருப்பது கேமராவின் இரைச்சல் மட்டும். ஐந்து படங்களில் எது பெரியது என்று கேட்டால், ஐந்தில் எது மிகப் பெரிய இரைச்சலோ அதைத்தான் விதி பொறுக்கும். படம் கூடக் கூட இரைச்சலும் கூடும், சராசரியில் நடப்பதற்கு நேர் எதிர். இதற்கு மூன்று வேலை செய்யுங்கள். தனி எண்ணை ஒப்பிடாமல் அதைச் சுற்றிய 3க்கு 3 அல்லது 5க்கு 5 ஜன்னலில் எண்களின் வர்க்கங்களைக் கூட்டி, அந்த ஆற்றலை ஒப்பிடுங்கள். அடுத்து, இரைச்சலின் அளவை முதல் நிலையின் மூலைவிட்டத் துண்டிலிருந்து எடுங்கள்: எண்களின் குறி நீக்கிய மதிப்புகளுக்கு இடைநிலை எடுத்து 0.6745 ஆல் வகுத்தால் போதும், புள்ளியியலாளர் டொனோஹோவின் வழக்கமான கணக்கு. ஐந்து படமுமே அந்த அளவைப் போல மூன்று மடங்குக்குள் நிற்கும் இடத்தில் போட்டியே வைக்காதீர்கள், சராசரி எடுங்கள். அங்கே சராசரிதான் சரியான விடை, இரைச்சலும் குறையும். (ஒவ்வொன்றாக மாற்றி எழுதும் வழியில் போனால் இதற்காகக் கூட்டுத்தொகை ஒன்றையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.)

மூன்றாவதுதான் 1995 கட்டுரையில் இருந்து நீங்கள் விட்ட படி, ஒத்திசைவுச் சரிபார்ப்பு. எந்த இடத்துக்கு எந்தப் படம் வென்றது என்பதை ஒரு வரைபடமாக எழுதுங்கள். நடுவில் ஒரு புள்ளி மூன்றாம் படம் என்றும் சுற்றியுள்ள எட்டில் ஏழு புள்ளி இரண்டாம் படம் என்றும் சொன்னால், நடுவில் இருப்பது தப்பு, பெரும்பான்மைப்படி இரண்டாக்கிவிடுங்கள். ஒரு சோல்டர் முட்டின் நடுவே ஒரே ஒரு பிக்சலுக்கு மட்டும் வேறு உயரம் இருக்க வழியில்லையே. அந்த வரைபடத்தை வண்ணமிட்டு ஒருமுறை கண்ணால் பாருங்கள் தம்பி. போர்டின் பாகங்கள் உயரம் வாரியாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் விதி வேலை செய்கிறது. உப்பும் மிளகும் தூவியதுபோல இருந்தால் இறுதிப் படம் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள்.

எத்தனை நிலை? மங்கலின் அகலத்தைப் பாருங்கள். மிக மோசமாக மங்கிய படத்தில் ஒரு கூர்விளிம்பு எத்தனை பிக்சலுக்குப் பரவியிருக்கிறது என்று அளந்து, இரண்டின் அடுக்கு அதை எட்டும்வரை போங்கள். பதினாறு பிக்சல் என்றால் நான்கு நிலை. நீங்கள் மூன்றோடு நிறுத்தியதால் மிச்ச மங்கல் சுருங்கிய படத்திலேயே தங்கிவிட்டது, அதைச் சராசரி எடுத்ததும் கப்பாசிட்டரைச் சுற்றிப் புகை போலப் பரவுகிறது. ஐந்தாறு நிலைக்கு மேல் போவதிலும் லாபமில்லை.

இவ்வளவு செய்தும் உயரமான கப்பாசிட்டரின் விளிம்பை ஒட்டி மெல்லிய மங்கல் பட்டை ஒன்று மிஞ்சும். தரைக்கு ஃபோகஸ் வைத்தபோது கப்பாசிட்டரின் மங்கல் அந்தப் பட்டையின் மேல் பரவி மூடிவிட்டது, கப்பாசிட்டருக்கு ஃபோகஸ் வைத்தபோது தரையே மங்கல். ஐந்து படத்தில் எதிலுமே அந்த இடம் தெளிவாக இல்லை, இல்லாததை ஃபியூஷன் கொடுக்காது. அறிக்கையில் இதை மறைக்காமல் ஒரு பெரிதாக்கிய படத்தோடு எழுதுங்கள், ஒளியியல் புரிந்த ஆசிரியர் இதற்கே மதிப்பெண் கொடுப்பார்.

சோல்டரின் பளபளப்பு இன்னொரு தொல்லை. வெளிச்சம் நேராகத் திருப்பியடிக்கும் புள்ளி எல்லாப் படத்திலும் மிகப் பெரிய எண்ணாக வரும், மங்கிய படத்தில்கூட அதன் வட்ட விளிம்பு வென்றுவிடும். இதை நிரலில் சரிசெய்ய மல்லுக்கட்டாதீர்கள், விளக்குக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளையோ மங்கல் பிளாஸ்டிக்கையோ வைத்து ஒளியைப் பரப்புங்கள். பத்து வெள்ளிகூடச் செலவாகாது, எந்த விதியைவிடவும் பலன் அதிகம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகச் சேர்த்தால் சிவப்புக்கு ஒரு படமும் நீலத்துக்கு வேறு படமும் வென்று விளிம்பில் இல்லாத நிறம் வரும். வெளிச்சத் தளத்தில் மட்டும் ஃபியூஷன் செய்யுங்கள். கிடைத்த வெளிச்ச மதிப்புக்கு ஐந்து படத்தில் எது மிக அருகில் இருக்கிறதோ அந்தப் படத்தின் பிக்சலை நிறத்தோடு அப்படியே எடுத்து வையுங்கள். இதில் இன்னொரு நன்மை உண்டு. வேவ்லெட்டைத் திருப்பிக் கட்டும்போது சில இடங்களில் 255க்கு மேலும் பூஜ்யத்துக்குக் கீழும் எண் வரும், இப்படிச் செய்தால் இறுதிப் படத்தின் ஒவ்வொரு பிக்சலும் உண்மையில் கேமரா பார்த்த பிக்சலாகவே இருக்கும். போர்டைச் சோதிக்கும் வேலையில் இது பெரிய விஷயம். கேமரா பார்க்காத மதிப்பை வைத்து ஒரு போர்டைத் தள்ளுபடி செய்ய முடியாது.

சரி, இவ்வளவுக்கும் பிறகு எந்த வேவ்லெட் என்றால், பயார்4.4 போடுங்கள். ஜேபெக் 2000 படக்கோப்பு முறையில் இருக்கும் அதே 9/7 வடிகட்டிதான், சமச்சீரானது என்பதால் விளிம்பை இடம் பெயர்க்காது. நீளமான வடிகட்டிகள் பளபளப்புப் புள்ளிகளைச் சுற்றி அலை எழுப்பும், தேவையில்லை.

எண்ணில் மதிப்பிடுவதற்கு என்ட்ரோபியை (பிக்சல் மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) காட்டாதீர்கள், நிறைய மாணவர் அறிக்கைகளில் அதைத்தான் பார்க்கிறேன். இரைச்சல் கூடினாலே என்ட்ரோபி ஏறிவிடும், உங்கள் புள்ளிகள் நிறைந்த பழைய படம்தான் அதில் முதல் பரிசு வாங்கும். மூலப் படங்களின் விளிம்புகள் எவ்வளவு இறுதிப் படத்துக்கு வந்து சேர்ந்தன என்று அளக்கும் சைடியஸ், பெட்ரோவிச் அளவீடு 2000-இல் வந்தது, அதைப் பயன்படுத்துங்கள். ஒரு படத்தின் பாதிப் பாதியைக் கணினியில் மங்கலாக்கிச் சோதிப்பது மட்டும் போதாது, அதில் லென்ஸின் அளவு மாற்றமும் இல்லை, பரவி மூடும் மங்கலும் இல்லை, எந்த முறையும் அங்கே ஜெயிக்கும். எடுத்தபின் ஃபோகஸை மாற்றக்கூடிய லைட்ரோ கேமராவில் எடுத்த இருபது ஜோடிப் படங்களின் தொகுப்பு பொதுவில் கிடைக்கிறது, அதிலும் ஓட்டிக் காட்டுங்கள். நியூரல் நெட்வொர்க்கைப் பற்றிக் கேட்டால், 2017 முதல் அந்த வழியிலும் நல்ல விடைகள் வந்திருக்கின்றன, ஆனால் ஐந்து படமும் ஒரு செமஸ்டரும் கையில் இருக்கும் ஒருவர், ஒவ்வொரு பிக்சலும் ஏன் வந்தது என்று விளக்கக்கூடிய முறையில் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

செயற்கைக்கோள் படங்களில் கூர்மையான கறுப்பு வெள்ளையையும் தேய்ந்த வண்ணப் படத்தையும் சேர்ப்பதும் இதே குடும்பம்தான். 2009 ஜூலையில் விண்ணுக்குப் போன நம் மலேசியாவின் ரசாக்சாட் செயற்கைக்கோளில் ஒரு பிக்சல் தரையில் பிடித்த அளவு கறுப்பு வெள்ளையில் 2.5 மீட்டர், வண்ணத்தில் 5 மீட்டர். இரண்டு மடங்கு வித்தியாசம் என்பதால் கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒரு நிலை விவரத்தை எடுத்து வண்ணத்தில் சேர்த்தால் போதும். நான்கு மடங்கு வித்தியாசம் இருக்கும் செயற்கைக்கோள்களுக்கு இரண்டு நிலை. அங்கே போட்டியே இல்லை, எது கூர்மை என்று முன்கூட்டியே தெரியும்.

வெப்பக் கேமராவுக்கு வருகிறேன். அங்கே மேலே சொன்ன விதியை அப்படியே போட்டால் ஏமாறுவீர்கள். ஃபோகஸ் படங்களில் நடுமதிப்பு எல்லாவற்றிலும் ஒன்று. வெப்பப் படத்தின் நடுமதிப்புக்கும் சாதாரணப் படத்தின் நடுமதிப்புக்கும் சம்பந்தமே இல்லை, ஒன்று சூடு, மற்றது நிறம். சுருங்கிய படத்தைச் சராசரி எடுத்தால் சூடான சிப் பாதி வெளிச்சத்தில் மங்கிப் போகும், எதைக் காட்ட நினைத்தீர்களோ அதுவே காணாமல் போகும். ஆகவே சுருங்கிய தளத்தில், சுற்றுப்புறத்தைவிட வெப்பப் படம் தூக்கலாக இருக்கும் இடங்களில் அதற்கே அதிக எடை கொடுங்கள், விவரத் தளங்களைச் சாதாரணப் படத்திலிருந்து எடுங்கள். இரண்டு படத்தின் வெளிச்சமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் ஈசிசி பொருத்தமும் இங்கே வேலைக்காகாது. போர்டின் நான்கு திருகுத் துளைகளில் சூடேற்றிய திருகுகளை வைத்து இரண்டு கேமராவிலும் தெரியும்படி எடுத்து, அந்த நான்கு புள்ளிகளை வைத்துப் பொருத்துங்கள், போர்டு தட்டையாக இருக்கும்வரை அது போதும். டிகிரிக் கணக்கை மட்டும் ஒருபோதும் சேர்த்த படத்திலிருந்து படிக்காதீர்கள், மூல வெப்பக் கோப்பைத் தனியாக வைத்திருந்து அதிலிருந்து எடுங்கள்.